குமிழ்களுக்குக் குரோம் பூசிய மாதம்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் வண்டியைக் கழுவினேன். ஒன்பது வயதான வண்டி. வெளிப்பக்கம் இன்னும் கல்யாணச் சவாரிக்கு அனுப்பலாம் போல இருக்கிறது. உள்ளேதான் எல்லாம் கறுப்பு. கறுப்பு டேஷ்போர்டு, அதில் கறுப்புக் குமிழ்கள், கதவுகளில் கறுப்புச் சுவிட்சுகள். செய்தவனுக்கு வேறு சாயமே கிடைக்கவில்லை போலும். நேற்று ஜங்ஷனில் ஏறிய ஒருவர் ஏ.சி.யைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். ரேடியோ பாடியது.

பாலக்கரை உதிரிபாகக் கடையில் குரோம் குமிழ்கள் கேட்டேன். இந்த மாடலுக்கு வருவதில்லையாம். "ஸ்ப்ரே டப்பா இருக்குண்ணே. வீட்லயே அடிச்சுக்கலாம். பொறுமையா அடிச்சா கண்ணாடி மாதிரி வரும்" என்றார் கடைக்காரர். ப்ரைமர் ஒன்று, பளபளக் கறுப்பு ஒன்று, குரோம் ஒன்று, மூன்று தினுசு உப்புத்தாள். வாங்கி வந்துவிட்டேன்.

மனைவி இந்திராணி பையைப் பிரித்துப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு. இப்ப எதுக்கு இது?"

"கஸ்டமர்ங்க கேக்கறாங்க."

யாரும் கேட்கவில்லை.

ஏப்ரலில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வண்டியும் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான். இருபத்து மூன்று வருடமாகத் திருச்சியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். தனுஷ்கோடி வண்டி என்றால் ஸ்டாண்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இந்த டைரி டயர் கடையில் கொடுத்தது. இந்த வருடம் கோடுகளை மிகவும் வெளிறிய மையில் அச்சடித்திருக்கிறார்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுகிறேன்.

மார்ச் 3, திங்கள்

குமிழ்களைக் கழற்றினேன். ஏ.சி. குமிழ்கள் மூன்றும் இழுத்தாலே வந்துவிடுகின்றன. கதவுச் சுவிட்சுகளின் சட்டத்துக்குத்தான் திருப்புளி தேவைப்பட்டது. ஒரு ஸ்குரூ கீழே விழுந்துவிட்டது. கால் மணி நேரம் தேடினேன். இந்திராணி தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, என் இடது கால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கண்ணு முன்னாடிதானே கிடக்கு."

"மொசைக் தரைல இந்தக் கலர் தெரியுமா?"

அவள் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பில் எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன். ஒன்பது வருடத்து விரல் அழுக்கு. தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல ஆக வேண்டும், அப்போதுதான் பெயின்ட் பிடிக்கும். தடவிப் பார்த்தே செய்துவிடலாம். நல்ல வேலை. தோள்தான் வலிக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

ரெஜினா மேடம் சவாரி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஆறரைக்கு கிராப்பட்டியில் ஏற்றிக்கொண்டு டயாலிசிஸுக்கு விட வேண்டும். நான்கு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கூட்டி வர வேண்டும். ஒன்றே கால் வருடமாக நடக்கிறது. தபால் ஆபீசில் வேலை, நாற்பத்து மூன்று வயது, தாயாரும் போய்த் தனியாக இருக்கிறார். பின் சீட்டில் உட்கார்ந்தால் நோயாளி மாதிரி இருக்கிறதாம். முன்னால்தான் உட்காருவார்.

டேஷ்போர்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, பல்லு போன வாய் மாதிரி இருக்கு?"

குரோம் விஷயத்தைச் சொன்னேன். "பல்லு கட்டறீங்களா, கட்டுங்க கட்டுங்க" என்றார்.

போகும்போது, "முன்னெல்லாம் மார்க்கெட் ரோட்லதானே போவீங்க? இப்ப ஏன் சுத்திப் போறீங்க?" என்று கேட்டார்.

"அந்த ரோட்ல கூட்டம் மேடம்."

"ஆறரை மணிக்கா?"

குண்டும் குழியும் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மொட்டை மாடியில் ப்ரைமர் அடித்தேன். குமிழ்களை ஐஸ்கிரீம் குச்சிகளில் செருகி, மணல் நிரப்பிய டின்னில் நட்டு வைத்துக்கொண்டால் கை படாமல் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். ஒரு சாண் தூரம் வேண்டும். கிட்டே போனால் வழியும், எட்டிப் போனால் தூசி மாதிரி விழும். இரண்டு வழிந்துவிட்டன. தேய்த்து மறுபடி அடித்தேன்.

மாலையில் இந்திராணி துணி எடுக்கப் போனவள், ஒரு கஸ்டமரின் மாம்பழ நிறப் புடவையோடு இறங்கி வந்தாள். முந்தி முழுக்கச் சாம்பல் புள்ளி. ஃபால்ஸ் தைக்க நனைத்துக் காயப்போட்டதாம்.

"பக்கத்துலயே தொங்குச்சே, பாக்கலையா?"

கொடி எனக்கு இடது பக்கம் இருந்தது. அங்கே புடவை தொங்குவதாக யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தம் கேட்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ரெஜினா மேடம் சவாரி. வரும்போது தூங்கிக்கொண்டே வந்தார். எனக்கும் அப்படித் தூங்க வேண்டும் போல இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பளபளக் கறுப்பு அடித்தாயிற்று. குரோம் என்பது மேலே தெரியும் வெள்ளியில் இல்லை, அடியில் இருக்கும் கறுப்பில்தான் இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. இந்திராணி படித்துச் சொன்னாள். அடிக்கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் மேலே மினுமினுப்பு வரும். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கிவிடும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடக்கிறதாம். "சும்மா ஒரு எட்டு போயிட்டு வந்துரலாம் வாங்க" என்றாள். பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கும்போது தூசி படாமல் யார் பார்ப்பது? போகவில்லை. அவள் மட்டும் போய்க் கண்ணாடிக்கு எழுதி வாங்கி வந்தாள்.

ஊசியில் நூல் கோர்க்க எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவாள். கொஞ்ச நாளாக எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள். நான் வேலையாக இருக்கிறேன் என்று நினைக்கிறாள் போல.

மார்ச் 10, திங்கள்

இன்று குரோம். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, புகை விடுவதுபோல மெல்ல மெல்ல அடிக்க வேண்டும். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் சாம்பல். மூன்றாவதில் வந்தது பார், அப்படி ஒரு வெள்ளி! கறுப்பாக இருந்த பொருள் வெயிலைத் திருப்பி அனுப்பிற்று. மாடிக்கதவு, தண்ணீர்த் தொட்டி, என் தலை எல்லாம் அதில் குட்டியாகத் தெரிந்தன. பல மாதங்களில் இவ்வளவு தெளிவாக எதையும்...

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

இரண்டு மூன்று நாள் கை படக்கூடாது. எட்டத்தில் இருப்பதாக நினைத்து ஒன்றைத் தொட்டுவிட்டேன். என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அதைத் தேய்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு வேகத்தடை. வேகமாக ஏறி இறங்கிவிட்டது. ரெஜினா மேடத்தின் தலை கூரையில் இடித்தது.

"மன்னிச்சுக்கங்க மேடம். புதுசா போட்டிருக்கானுங்க, பெயின்ட் கூட அடிக்கல."

அவர் தலையைத் தடவிக்கொண்டே, "அண்ணே, இது பொங்கலுக்கு முன்னாடியே போட்டாச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "பெயின்டும் அடிச்சிருக்கு" என்றார்.

மார்ச் 13, வியாழன்

லைசென்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஏஜென்ட் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். ஆறு பேர் வரிசையில் நின்றோம். டாக்டர் நிமிரவே இல்லை.

"சர்க்கரை?"

"இல்லைங்க."

"கண்ணு?"

"நல்லா தெரியுதுங்க."

கையெழுத்து, முத்திரை. வெளியே வந்து பார்த்தால் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை சுவரில்தான் மாட்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரும் திரும்பச் சொல்லவில்லை.

நிம்மதியாக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததிலிருந்து உடம்பு அசதியாக இருக்கிறது. வெயில்தான்.

மார்ச் 15, சனி

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன். மூன்று ஏ.சி. குமிழ்கள், கதவுக் கைப்பிடிகள், ஜன்னல் சுவிட்சுகளின் சட்டம், கியர் குமிழைச் சுற்றி ஒரு வளையம். கண்ணை மூடித் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று சட்டென்று தெரிகிறது.

அழகாகத் தெரிகிறது என்கிறேன்.

ஒரு குறை. ஃபேன் எண்கள், சிவப்பு நீலக் கோடுகள் எல்லாம் பெயின்டுக்கு அடியில் போய்விட்டன. மறைக்க ஒட்டுத்தாள் ஒட்டியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். மத்தியான வெயிலில் முன் கண்ணாடியில் கொஞ்சம் பளீரென்று எதிரொளிக்கிறது. பழகிவிடும்.

டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. ரேடியோவின் சத்தக் குமிழ், சைடு மிரர் திருப்பும் சுவிட்சு, அபாய விளக்குப் பொத்தான், சீட் பெல்ட் கொக்கி இவற்றுக்கும் அடித்துவிடலாம்.

மார்ச் 16, ஞாயிறு

இந்திராணி காபியோடு வண்டிக்கு வந்தாள். முன் சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் சீட் பெல்ட் கொக்கியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சீட் பெல்ட் கொக்கிக்குமா?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னுதான்."

"அழகுக்குப் பண்றவங்க கண்ணுல படற இடத்துக்குப் பண்ணுவாங்க. நீங்க கை போற இடத்துக்கெல்லாம் பண்றீங்க."

காபி டம்ளரை நீட்டினாள். வாங்கப் போனேன், கை டம்ளருக்கு வெளியே போயிற்று. அவள் இடது பக்கத்திலிருந்து நீட்டியிருக்கிறாள். வேண்டுமென்றேதான் நீட்டினாள்.

"எத்தனை நாளா இப்படி?"

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. இருபத்து மூன்று வருடம் யார் ஓட்டிச் சோறு போட்டது என்றெல்லாம் வாயில் வந்தது. அவளும் இருபது வருடமாகத் தைக்கிறாள். டம்ளரை டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காபி ஆறிப்போயிற்று.

மார்ச் 18, செவ்வாய்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் ரெஜினா மேடத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கிராப்பட்டியிலிருந்து பெரிய ரோட்டுக்குத் திரும்பும் முன் இடது பக்கம் ஒரு சந்து வரும். முப்பதில்தான் போனேன். "அண்ணே, லெஃப்ட்ல! லெஃப்ட்ல!" என்று ஒரு அலறல். நான் வலது பக்கம் பார்த்தேன். ஏன் வலது பக்கம் பார்த்தேன் என்று தெரியவில்லை. அதற்குள் மேடம் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி திரும்பி நின்றது. தகரம் உரசும் சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால் ஒரு மொபெட் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு பால் கேன்கள். ரோடெல்லாம் பால். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், முழங்கையிலிருந்து ரத்தம். வேறெங்கும் அடியில்லை. இன்னும் ஓர் அடி வண்டி நகர்ந்திருந்தால் சக்கரம் அவள் கால்மேல் ஏறியிருக்கும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, நேரமாச்சுன்னு வேகமா வந்துட்டேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்றால், "பாத்து வரக்கூடாதாம்மா?"

இதை நான் சொன்னேன்.

கைக்குட்டை கொடுத்தேன். கேனை நிமிர்த்தி வைத்தேன். அவள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே போனாள். மேடம் வண்டியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் ஊசி குத்தும் கையை இன்னொரு கையால் பிடித்துத் தடவி, ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நிறுத்திய பிறகும் இறங்கவில்லை.

"நீங்க அந்தப் பொண்ணைப் பாக்கவே இல்ல."

"குரோம்ல வெயில் பட்டுக் கண்ணு கூசிருச்சு மேடம். அதை நாளைக்கே எடுத்துர்றேன்."

"வெயில் வலது பக்கம்ணே. அது வந்தது இடது பக்கம். சந்துலருந்து வர்றப்பவே நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்திருப்பீங்கன்னு பேசாம இருந்தேன்."

நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்குக் கால் வீங்க ஆரம்பிச்சப்ப ஒன்றரை வருஷம் புடவையை இறக்கிக் கட்டி மறைச்சேன். ஆபீஸ்ல தெரிஞ்சா லீவு போடச் சொல்லுவாங்களேன்னு. அன்னைக்கே போயிருந்தா மாத்திரையோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நான் மறைச்சதுல போனது என் கிட்னி. நீங்க மறைக்கறதுல போறது யாரோட காலோ." கதவைத் திறந்தார். "வெள்ளிக்கிழமை வராதீங்கண்ணே. நான் பஸ்ல போய்க்கறேன்."

"டயாலிசிஸ் முடிஞ்சு பஸ்ல எப்படிம்மா வருவீங்க?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான்கு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விட்டேன். இருபதில்தான் ஓட்டினேன். பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

மார்ச் 19, புதன்

வண்டியை எடுக்கவில்லை.

இந்திராணியிடம் சொன்னேன். இப்போது இல்லை, போன வருடம் ஆடியிலிருந்தே என்று சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

பஸ்ஸில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டோக்கன் எழுபத்தெட்டு. கண்ணில் சொட்டு விட்டார்கள், காற்று அடித்தார்கள், விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஓர் இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்கு முன் முகவாயை வைக்கச் சொன்னார்கள். நடுவில் மஞ்சள் புள்ளி, அதையே பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும்.

முதலில் இரண்டு மூன்று மின்னின. பிறகு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. மிஷினின் டிக் டிக் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத் தகுந்தபடி நானாக அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மிஷினை இயக்கிக்கொண்டிருந்த பெண் அதை நிறுத்திவிட்டாள். "ஐயா, வெளிச்சம் வராதப்பவும் அமுக்கறீங்க. மிஷின் காட்டிக் குடுத்துரும். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க, தப்பில்ல."

இரண்டாவது தடவை சும்மா இருந்தேன். அவ்வளவு நேரம் கையைக் கட்டிப்போட்டாற்போல உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் இல்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். தாளைக் காட்டினார். இடது கண்ணுக்கான வட்டத்தில் பெரும்பகுதி கறுப்பு. வலது கண்ணில் ஓரத்தில் ஆரம்பித்திருக்கிறது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிடுமாம். வலியே இருக்காதாம்.

"ஆபரேஷன் பண்ணா வந்துருங்களா?" என்று இந்திராணி கேட்டாள்.

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஆயுசுக்கும் விடணும்."

"வண்டி ஓட்டறவருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இனிமே கூடாதுங்க ஐயா. இது ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும். இவ்வளவு நாள் யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருந்ததே பெருசு."

வெளியே வந்து, மருத்துவச் சான்றிதழைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து இந்திராணியிடம் கொடுத்தேன். எப்படி வாங்கினேன் என்பதையும் சொன்னேன். மடிப்பைப் பிரித்துப் படித்தாள். நான்காகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பஸ் ஸ்டாப்பில் எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. இடமில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கிராப்பட்டி ஸ்டாப்புக்குப் போனேன். ரெஜினா மேடம் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் நிழற்குடைக் கம்பியுமாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது.

"வராதீங்கன்னேன்ல?"

"வண்டியில வரலம்மா. பஸ்ல வந்தேன். கண்ணு போயிருச்சு. டாக்டர் சொல்லிட்டாங்க."

பையை என்னிடம் நீட்டினார். வலது பக்கமாக நீட்டினார்.

ஏறும்போது பின்னால் நின்று தாங்கிக்கொண்டேன். நான்கு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சவாரிக்குக் காத்திருக்கும்போது வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பேன், உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததே இல்லை. இன்று நர்ஸ் கூப்பிட்டு ஒரு பாரம் தூக்கச் சொன்னார், தூக்கினேன். வரும்போது ஆட்டோ. மேடம் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"அந்தப் பொண்ணு வளர்மதி. எங்க தெருவுக்குத்தான் பால் ஊத்துது. மூணு நாளா நடந்தே தூக்கிட்டு வருது."

"வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரரு சாவியப் புடுங்கி வச்சுக்கிட்டாராம். ஓட்டத் தெரியாம போய் கார்ல விட்டுட்டே, இனிமே தொடாதேன்னு. எட்டு வருஷமா ஓட்டுது அந்தப் பொண்ணு." கண்ணைத் திறந்தார். "நீங்கதானே பாத்து வரக்கூடாதான்னு கேட்டது."

வீட்டுக்கு வந்து இந்திராணியிடம் இதையும் சொன்னேன்.

மார்ச் 22, சனி

ஸ்டாண்டில் ஷாஜகான் பாயிடம் பேசினேன். அவர் வண்டி போன மாதம்தான் கைவிட்டுப் போயிற்று. என் வண்டியை அவர் ஓட்டுவதாக ஏற்பாடு. செவ்வாய், வெள்ளி ரெஜினா மேடம் சவாரி முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்று சொன்னேன். நான்கைந்து பேர் சுற்றி நின்றார்கள். ஏன் என்று கேட்டார்கள். முதுகு வலி என்று சொல்ல வாய் வந்தது. கண் என்று சொன்னேன். ஒருவர் டீ வாங்கி வந்து கையில் வைத்தார்.

பாய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைப் பார்த்துத் திகைத்தார். "என்ன தனுஷ்கோடி, எல்லாம் ஒரே பளபளப்பு, ஒண்ணுலயும் ஒண்ணும் எழுதல. எது ஃபேனு, எது கூலிங்கு?"

நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னேன். நடுவில் இருப்பது ஃபேன், வலது பக்கம் திருப்பினால் கூடும். ஓரத்தில் இருப்பது குளிர். கடைசி ஒன்று காற்று முகத்துக்கா காலுக்கா என்பது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார். "நம்பர எழுதி ஒட்டிக்கறேன்" என்றார். கிளம்பும்போது இண்டிகேட்டர் போட்டார், கண்ணாடி பார்த்தார், இடது, வலது, மறுபடி இடது. நல்ல டிரைவர். வண்டி முனை திரும்பும் வரை நின்றேன். திரும்பியதை நான் பார்க்கவில்லை, சத்தத்தில்தான் தெரிந்தது.

மார்ச் 23, ஞாயிறு

ரெஜினா மேடம் சொன்ன அடையாளத்தை வைத்துச் சாயங்காலம் வளர்மதி வீட்டுக்குப் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றேன், இந்திராணி விடவில்லை.

மாட்டுக்கொட்டகையை ஒட்டி இரண்டு அறை வீடு. வளர்மதி கேன் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கையில் இன்னும் கட்டு. என்னைக் கண்டதும் பயந்துவிட்டாள். "வண்டிக்கு எதும் ஆயிருச்சாண்ணே?" என்றாள். கார்க்காரன் நஷ்டம் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறாள். உள்ளேயிருந்து அவள் கணவர் முருகையன் வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தார்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேனுங்களே, இவ கண்ணு மண்ணு தெரியாம..."

"இல்லைங்க" என்றேன். பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "எனக்குத்தாங்க தெரியல. இடது கண்ணு எனக்குத் தெரியாது. உங்க வீட்டம்மா சந்துலருந்து வந்ததை வண்டில இருந்த மேடமே பாத்தாங்க. நான்தான் பாக்காம மோதினேன். தப்பு என் மேல."

முருகையன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வளர்மதி கேனைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்மா."

"நான் ரோட்ல ரத்தத்தோட நின்னு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க. பாத்து வரக்கூடாதான்னு எனக்குப் புத்தி சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நானே நம்பிட்டேன். சந்துல திரும்பறப்ப ஹாரன் அடிச்சனா இல்லையான்னு அஞ்சு நாளா யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன். தூக்கம் இல்ல. இருபது லிட்டரைத் தலைல வச்சுக்கிட்டு நடக்கறேன்." அவள் குரல் உடைந்தது. அழவில்லை. கோபம்தான். "குருட்டுக் கண்ண வச்சுக்கிட்டு எப்படிய்யா ஓட்டுனீங்க? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

கேட்டுக்கொண்டேன். இந்திராணியும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"சரி விடு, வயசானவரு, வீடு தேடி வந்து சொல்றாரு" என்றார் முருகையன்.

"நீ பேசாத. மொதல்ல சாவியக் குடு."

அவர் சட்டைப் பையைத் தடவினார். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அவள் அதை வாங்கி, கட்டுப் போட்ட கையாலேயே இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உட்காரச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. "வைத்தியம் பாருங்க ஒழுங்கா" என்று மட்டும் இந்திராணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாட்டுப் பக்கம் போனாள்.

வெளியே மண்ரோடு. இந்திராணி என் இடது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டில் கையைப் பிடித்து நடப்பவள் இல்லை அவள். பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று நடந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு முந்தின வளைவில் பின்னால் மொபெட் சத்தம் கேட்டது. வளர்மதி. இரண்டு பக்கமும் கேன்கள் மாட்டியிருந்தாள், பின்னால் நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். எனக்காக அடித்தாளா, வளைவுக்காக அடித்தாளா தெரியவில்லை.

நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.